காயாத பிளாஸ்டிக்

மலேசியாவின் கிள்ளானில், பழைய பாட்டில் சில்லுகளையும் உருக்கிப் பானப் பாட்டில் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வசுந்தராவுக்குத் தரச் சோதனை வேலை. அன்று காலை வந்த பத்துப் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி, தலை உயரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தரையில் போட்டாள். நான்கு பாட்டில்களின் அடிப்பக்கம் பிளந்துவிட்டது. நனைந்த காலணியோடு நேராக உற்பத்தி மேலாளர் கிரிகரியின் அறைக்குப் போனாள்.

"பாஸ், பழைய பாட்டில் சில்லுகள ஆறு மணி நேரம் டிரையர்ல காய வைக்கணும். மூணு மணி நேரத்துலயே எடுத்து உருக்குறாங்க."

"ஆர்டர் அர்ஜண்ட் லா. பாட்டில் பார்க்க நல்லாத்தானே இருக்கு?"

"பார்க்க நல்லாத்தான் இருக்கும். பிளாஸ்டிக்குக்குள்ள கண்ணுக்குத் தெரியாம நீள நீளமா சங்கிலி மாதிரி இருக்கு பாஸ். உருக்க உருக்க அது அறுந்துகிட்டே வரும். ஈரம் இருந்தா இன்னும் மோசம். சங்கிலி குட்டையாயிட்டா பாட்டிலுக்குப் பலம் இருக்காது."

"வாங்குறவன் என்ன, தரையில போட்டா பார்க்கப் போறான்?"

பாட்டில்களை அனுப்பலாம் என்ற தரச் சான்றில் அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். காரணத்தை எழுதி அவருக்கு மின்னஞ்சலும் அனுப்பினாள். கிரிகரி தானே கையெழுத்திட்டு மதியம் லோரியை அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள், பாட்டில்களை வாங்கிய சுங்கை பூலோ பானக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. கேஸ் அடைத்த பானம் நிரப்பும்போதே பாட்டில்கள் வெடித்து, இயந்திரமே நின்றுவிட்டதாம்.

முதலாளி சிவேந்திரன் கூட்டிய கூட்டத்தில் கிரிகரி, "தரம் பார்க்குற கியூசி பார்த்திருக்கணும்," என்றார். வசுந்தரா மடிக்கணினியைத் திருப்பி மின்னஞ்சலைக் காட்டினாள். சிவேந்திரன் படித்து முடித்தார்.

"சரி, இனிமே ரீசைக்கிளே வேணாம். முழுக்கப் புது பிளாஸ்டிக் போடுங்க," என்றார் சிவேந்திரன்.

"பாஸ், தப்பு பழைய பிளாஸ்டிக்ல இல்ல. சரியா காய வைக்காததுலதான்..."

"போதும் லா வசு. இன்னொரு தடவ என்னால பதில் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது."

மறுநாள் அவளே சில்லுகளை ஆறு மணி நேரம் காயவைத்து, புது பிளாஸ்டிக்கோடு கலந்து இயந்திரத்தில் பத்துப் பாட்டில்கள் ஊதச் செய்தாள். கொஞ்சம் மஞ்சள் தட்டியிருந்தன. எத்தனை முறை போட்டும் ஒன்றுகூட உடையவில்லை. அவற்றை அள்ளிக்கொண்டு முதலாளியின் அறைக்கு ஓடினாள். சிவேந்திரன் பங்சாருக்குப் போய்விட்டிருந்தார். வெளியே மிச்சமிருந்த சில்லு மூட்டைகளைக் குப்பைக் கிடங்குக்குப் போகும் லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க! இது நல்ல சரக்கு!"

"பேப்பர்ல சைன் ஆயிடுச்சு அக்கா. நான் என்ன செய்ய?" என்றார் லோரி ஓட்டுநர்.

லோரி வாசலைக் கடந்து போனது. திரும்ப உள்ளே போகவே அவளுக்குப் பிடிக்கவில்லை.