ஹீட்டர் கம்பி

ருஸ்தெமின் கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. மினிபஸ்ஸின் முன்கதவைத் திறந்து போட்டுவிட்டு, தலையை டாஷ்போர்டுக்கு அடியில் நுழைத்து மல்லாந்து கிடந்தபடி ஹீட்டர் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குல்ஷா கதவருகே நின்று அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் அசைந்தால் அவளுக்கு மூச்சு வந்தது. அசையாமல் கிடந்தால் நின்றது.

"போதும், வெளிய வாங்க. மிச்சத்த இல்ஹாமி பார்த்துக்குவான்."

"அவனா? அவன் கை வச்சா ஹீட்டர் வராது, ரேடியோதான் பாடும்." குரலில் இளைப்பு இருந்தது.

வசந்தத்தில் ஒருமுறை நெஞ்சு பிடித்து, பிழைத்து வந்தவர். குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்று சொல்லித்தான் வைத்தியர் அனுப்பியிருந்தார். ஆனால் பனி விழுவதற்குள் ஹீட்டரைச் சரிபார்க்காமல் அவருக்கு ஒரு வருஷமும் போனதில்லை. பழைய தண்ணீரை இறக்கிப் புதிதாக ஊற்றுவார். கம்பிக்குக் கிரீஸ் தடவுவார். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பிடியை நீலத்திலிருந்து சிவப்புக்கும் சிவப்பிலிருந்து நீலத்துக்கும் தள்ளிப் பார்ப்பார். இந்த வருஷம் பனி முந்திக்கொண்டது. நேற்று மாலையே கணவாய் வெளுத்துவிட்டது. பிடியை எந்தப் பக்கம் தள்ளினாலும் குளிர்காற்றுதான் வந்தது. கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. கார்ஸ் நகரத்தை ஒட்டிய மலையில் பிரேக் இல்லாமல்கூட ஒருவன் வீடு வந்து சேரலாம். ஹீட்டர் இல்லாமல் முடியாது. அவன் விடும் மூச்சே கண்ணாடியில் உறைந்து, முகத்துக்கு முன்னால் சுவர் எழுப்பிவிடும்.

கால்கள் அசையவில்லை.

"காலை அசைங்க."

குனிந்து அவர் பாதத்தைத் தட்டினாள்.

"என்னங்க!"

இடது முழங்கால் மெல்ல மடங்கியது. மடங்கிய விதம் சரியில்லை. குல்ஷா கத்திய கத்தலில் மாட்டுக்கொட்டகையிலிருந்து கொழுந்தன் இல்ஹாமி சாணிக் கையோடு ஓடிவந்தான். இருவருமாக அவரை வெளியே இழுத்தார்கள். முகம் சாம்பல் பூத்திருந்தது. ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது. இன்னொரு கை குறடை விடவில்லை.

"கம்பி மாத்திட்டேன்," என்றார். "அதப் புடிச்சு நிறுத்துற கிளிப்புதான் மாட்டல. எங்கயோ விழுந்துடுச்சு."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். ஆம்புலன்ஸ் கணவாய்க்கு அந்தப் பக்கம் அடிவாரச் சாவடி வரைக்கும்தான் வருமாம். பனி வாரும் வண்டி வராமல் மேலே விடமாட்டார்களாம். அதற்கு எப்போது வழி பிறக்கும் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

இல்ஹாமி அண்ணனைப் பார்த்தான், மலையைப் பார்த்தான். ஒருமுறை அந்தக் கணவாயில் வண்டியைப் பள்ளத்தில் சாய்த்தவன் அவன். அதற்குப் பிறகு பனியில் அவன் அங்கே ஓட்டியதில்லை.

"அண்ணே, எனக்குக் கை நடுங்குது."

"கை நடுங்கட்டும். கால் நடுங்காமப் பார்த்துக்க."

சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டிக் கிளம்பினார்கள். முன்னிருக்கையில் குல்ஷா நடுவில் உட்கார்ந்தாள். ருஸ்தெம் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கதவோரம். ஊரைத் தாண்டியதுமே கண்ணாடி வெளுக்கத் தொடங்கியது. கிளிப் இல்லாத கம்பியை வால்வின் ஸ்பிரிங் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. வெந்நீர் நின்றது, காற்று குளிர்ந்தது. இல்ஹாமி கையால் துடைத்தான். துடைத்த இடம் அடுத்த நொடியே மூடிக்கொண்டது.

"கம்பியைக் குறடால புடிச்சு இழு. அப்படியே புடிச்சிரு," என்றார் ருஸ்தெம்.

குல்ஷா குனிந்து, இரண்டு கைகளையும் டாஷ்போர்டுக்கு அடியில் விட்டுக் கம்பியின் முனையைக் குறடால் கவ்வி இழுத்தாள். சூடான காற்று வந்தது. கண்ணாடியில் அடியிலிருந்து ஒரு பிறை தெளிந்து, மேலேறி, சாலை தெரிந்தது. கொஞ்சம் தளர்த்தினாலும் சாலை மறைந்தது.

ருஸ்தெம் அவள் இடுப்பை ஒரு கையால் சுற்றிக்கொண்டு முதுகில் சாய்ந்துகொண்டார். அவர் மூச்சு அவள் பிடரியில் பட்டது. சூடாக, ஒழுங்கில்லாமல்.

"ரெண்டாவது கியர். பிரேக்கத் தொடாதே," என்று அவர் தம்பிக்குச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, அவள் காதருகே, "கை வலிக்குதா?" என்றார்.

"இல்ல."

"விட்டுடாதே."

சாலையின் வலப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. காற்று வண்டியைத் தோளால் இடிப்பதுபோல இடித்தது. குல்ஷா அவரது மூச்சை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று வந்ததும் அடுத்ததற்குக் காத்திருந்தாள். வந்தது. மறுபடி காத்திருந்தாள். வந்தது.

உச்சியில் காற்று ஊளையிட்ட இடத்தில், வந்த ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரவில்லை.

காற்றிரைச்சலில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். பிடரிக்குக் கேட்க என்ன இருக்கிறது, அது உணரத்தானே வேண்டும்? முழங்காலால் அவர் காலைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. இருக்கிறார், இருக்கிறார் என்று உள்ளுக்குள் கூவினாள். பிறகுதான் புரிந்தது, ஹீட்டர் காற்று நேராக அந்தக் கால்களின் மேல்தான் அடித்துக்கொண்டிருக்கிறது.

இடுப்பைச் சுற்றியிருந்த அவர் கை கனத்து, வழுக்கி, இருக்கையில் விழுந்தது.

தொண்டை வரை வந்த அலறலைக் குல்ஷா பல்லால் கடித்தாள். திரும்ப முடியாது. கண்ணை மூடிவிட முடியாது, தாடையைக் கட்டிவிட முடியாது. கையை எடுத்தால் கண்ணாடி போய்விடும். வாயைத் திறந்தாலோ இல்ஹாமி போய்விடுவான். ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு அண்ணன்மேல் விழுவான், வண்டி அந்த வெள்ளைக்குள் இறங்கும். உயிர் பிரியும்போது காதில் சொல்ல வேண்டிய கலிமாவை உதடுகளை மட்டும் அசைத்துச் சொன்னாள். பிந்திவிட்டதோ என்று பயமாக இருந்தது. இன்னொருமுறை சொன்னாள்.

"அண்ணன் தூங்குறாரா அண்ணி?"

"ம்."

"இனிமே இறக்கம். அண்ணே, எருமை வளைவு வருது. ரெண்டாவதா, முதலாவதா?"

இல்ஹாமி அண்ணன் பக்கம் தலையைத் திருப்பப் போனான்.

"ரோட்டைப் பாரு!" என்று குல்ஷா அதட்டினாள். "முதலாவதே போடச் சொல்றாரு."

"எனக்குக் கேக்கலையே."

"என் காதுலதான் சொல்றாரு. சத்தமாப் பேச முடியல அவரால."

இல்ஹாமி கியரை மாற்றினான். வண்டி முனகிக்கொண்டு வேகம் குறைந்தது. எத்தனையோ சந்தை நாட்களில் அதே இருக்கையில் உட்கார்ந்து வந்தவள்தான் அவள். எந்த வளைவில் அவர் என்ன செய்வார் என்று கண்கள் பார்த்திருந்தன. அதையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக இழுத்து எடுக்க வேண்டியிருந்தது.

"இடப்பக்கம் மலையை ஒட்டியே போகச் சொல்றாரு… பிரேக் வேணாமாம்… இந்த இடத்துல காத்து தள்ளும், இறுக்கிப் புடின்றாரு."

"திட்டலையா?"

"திட்டுறாரு."

"என்னன்னு?"

அவளுடைய தோளில் அவர் முகவாய் ஒவ்வொரு குலுக்கலுக்கும் இடித்துக்கொண்டிருந்தது. "கழுதைக்குக் கொம்பு முளைச்சாலும் உனக்கு வண்டி ஓட்ட வராதாம்."

இல்ஹாமி சிரித்துவிட்டான். "அப்போ நல்லாத்தான் இருக்காரு!" என்றான். அவன் தோள்கள் இறங்கின. ஸ்டீயரிங்கில் இருந்த கைகளில் நடுக்கம் குறைந்ததை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

கடைசி வளைவுக்குக் கீழே பனிமூட்டத்தில் சாவடியின் விளக்கு தெரிந்தது. அதன் பக்கத்தில் ஆம்புலன்ஸின் நீல வெளிச்சம் சுழன்றுகொண்டிருந்தது.

"வந்தாச்சு! அண்ணே, வந்தாச்சு!"

வண்டியை நிறுத்தியதும், இஞ்சினை அணைக்கக்கூட நினைவில்லாமல் கதவைத் திறந்து குதித்தான்.

குல்ஷாவால் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. பிரிக்க முயன்றாளா என்பதும் அவளுக்குத் தெரியாது. வளைந்த முதுகோடு, முதுகின் மேல் அந்தக் கனத்தோடு, தலையை மட்டும் நிமிர்த்தினாள். கண்ணாடி ஒரு பொட்டு மூட்டமில்லாமல் தெளிந்திருந்தது. அதில் இல்ஹாமி இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஆம்புலன்ஸை நோக்கி ஓடினான். நடுவில் வழுக்கி விழுந்தான். எழுந்து, முழங்காலில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல், ஸ்ட்ரெச்சரை இறக்கிக்கொண்டிருந்தவர்களிடம் வண்டியைக் காட்டி என்னவோ சொல்லிச் சிரித்தான். அவர்களில் ஒருவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அவள் கம்பியை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.