டீச்சரின் பின் டயர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குச் சீக்கிரமே விழிப்பு வந்துவிடும். அன்றைக்குச் சைக்கிள் பந்தயம்.

"இன்னிக்கும் இறக்கத்துல டீச்சரை முன்னால போக விட்டுட்டேன்னா சைக்கிளை வித்துடலாம்" என்றேன்.

கணவர் தலையணையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "போன வாரமும் இதையேதான் சொன்ன. நான் விளம்பரமே யோசிச்சு வெச்சிட்டேன். ஒரே ஆள் ஓட்டினது, பயந்து பயந்து ஓட்டினதால தேயல."

நாங்கள் பதினான்கு பேர். பெட்ரோல் பங்க்கில் புறப்பட்டு, மலையின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி, சுற்றிவந்து அதே பங்க்கில் முடிப்போம். பரிசு கிடையாது. ஜெயித்தவர் பெயரைப் பங்க் சுவரில் சாக்பீஸால் எழுதுவார்கள். இருபத்துமூன்று வாரங்களாக ஒரே பெயர், டீச்சருடையது. இப்போது யாரும் அதை அழிப்பதில்லை. அதன் மேலேயே இன்னொரு முறை எழுதுகிறார்கள். சாக்பீஸும் டீச்சர் கொண்டுவருவதுதான்.

ஏற்றத்தில் நான் அவருக்குச் சளைத்தவள் அல்ல. இறக்கத்தில்தான். டீச்சர் பிரேக் பிடிக்க மாட்டார். எனக்கு எக்ஸ்ரே அறையில் வேலை. வாரத்துக்கு ஆறு நாள் உடைந்த எலும்புகளைப் பார்க்கிறேன். போன வருஷம் என் காறை எலும்பையே பார்த்தேன். இறக்கத்தில் மூன்றாவது வளைவில் சிமெண்ட் தடுப்புச் சுவரில் மோதியிருந்தேன். அதன் பிறகு முதல் வளைவு வரும் முன்பே என் விரல்கள் பிரேக்கை இறுக்கிக்கொள்ளும். நான் சொன்னால் கேட்காது.

ஒரு தடவை, வேறு வழி தெரியாமல், இறக்கத்தின் உச்சியில் கத்தினேன்: "டீச்சர், பின் டயர்ல காத்து இல்ல!" அவர் குனிந்து பார்த்தார். நான் நான்கு சைக்கிள் நீளம் முந்தினேன். பங்க்குக்கு வந்தபோது அவர் எனக்கு முன்பே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லக்கூட உனக்கு மூச்சு மிச்சம் இருக்கே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் காத்து.

இன்று அவரோடு சேர்ந்தே உச்சியை அடைந்தேன். முதல் வளைவில் அவருடைய பின் சக்கரத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. பார்த்தால் பிரேக் பிடித்துவிடுவேன். சக்கரத்துக்கும் எனக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. காற்றை அவர் கிழித்தார். நான் அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

டிக். டிக். டிக்.

சத்தம் அவர் சைக்கிளிலிருந்து வந்தது. டயரின் பக்கவாட்டில் ஒரு வெட்டு. அதன் வழியே ட்யூப் கோலிக்குண்டு அளவுக்குப் புடைத்திருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அது பிரேக் கட்டையில் உரசியது.

"டீச்சர்! பின் டயர்!"

அவர் திரும்பவில்லை. முதுகு குலுங்கியது. சிரிக்கிறார்.

"நிஜமா சொல்றேன்! வெடிக்கப் போகுது! நிறுத்துங்க!"

"வேற கதை இருந்தா சொல்லு, காத்து!"

இரண்டாவது வளைவு போய்விட்டது. கீழே மூன்றாவதின் வெள்ளைச் சுவர் தெரிந்தது. நான் பிரேக் பிடித்து ஒதுங்கலாம். டயர் வெடித்தால் என் குற்றம் இல்லை. சொல்லியாகிவிட்டது. இன்று பங்க் சுவரில் வேறு பெயர் இருக்கும்.

இந்த நினைப்பு எனக்கு வந்தது. சுவரைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தேன்.

பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்தேன். ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடிந்தது. தாடை கைப்பிடியில் படும்வரை குனிந்து வலப்பக்கம் விலகினேன். காற்று முகத்தில் அறைந்தது. கண்ணில் நீர் வழிந்து சாலை இரண்டாகத் தெரிந்தது. டீச்சரின் முழங்கை, தோள், முன் சக்கரம் எல்லாம் பின்னால் போயின.

முன்னால் யாரும் இல்லை. சுவர் மட்டும்.

நிமிர்ந்து, நடுச்சாலையில், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரேக் பிடித்தேன்.

"வழி விடுடீ!"

அவர் இடப்பக்கம் வந்தார். நானும் இடப்பக்கம். அவர் வலப்பக்கம் ஒடித்தார். நானும் ஒடித்தேன். அவருடைய பிரேக் முதல் தடவையாகக் கிறீச்சிட்டுக் கேட்டது. சுவருக்குப் பத்தடி முன்னால் இரண்டு பேரும் நின்றோம்.

"பைத்தியமா உனக்கு? ஜெயிக்கணும்னு என்ன வேணா செய்வியா?"

அவருடைய பின் டயரைக் கையால் காட்டினேன்.

அவர் சைக்கிளைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினார். டிக். நிறுத்தினார். கட்டைவிரலை அந்தப் புடைப்பின் மேல் வைக்கப் போனார்.

"தொடாதீங்க, டீச்சர்."

அது தானாகவே வெடித்தது. மலை அந்தச் சத்தத்தைத் திருப்பித் தந்தது. இரண்டு பேரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம்.

பந்தயத்தில் எங்களுக்குப் பின்னால் வந்த பேக்கரிக்காரர் எங்களைக் கடந்தார். "என்ன, ரெண்டு பேரும் சமாதானப் பேச்சா?" பதிலுக்கு நிற்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். சுவரைத் தாண்டும்போது டீச்சர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்படி என்னைத் தாண்டின?"

"தெரியல. பயத்துல."

"அடுத்த வாரம் தாண்ட விட மாட்டேன்."

வீட்டில் கணவர் கேட்டார்: "விளம்பரம் கொடுத்துடவா?"

"வேணாம்."

"பயம் போயிடுச்சா?"

"இல்ல."

என் விரல்கள் இன்னும் வளைந்தே இருந்தன. தம்ளரை அவர்தான் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, பங்க் சுவரில் பேக்கரிக்காரர் பெயர். அதைப் படம் எடுக்கவே அவர் அரை மணி முன்னால் வந்திருந்தார். புறப்படும் கோட்டில் டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தைத் திருப்பாமல் சொன்னார்:

"காத்து, பின்னாடி பாத்துச் சொல்லு."

யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. நான் மண்டியிட்டுச் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றினேன். புது டயர். விரலால் இரண்டு பக்கமும் தடவினேன்.

"நல்லா இருக்கு."

"நிஜமாவா?"

"நிஜமா."

கொடி இறங்கியது. பெடலை மிதித்தேன்.