குடகனாற்றில் பெண்கள் குளியல்

தாடிக்கொம்பில் ஆற்றங்கரைத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருடமாகியும் மகேஸ்வரி ஒரு தடவைகூடக் குடகனாற்றில் கால் நனைத்ததில்லை. கோழிக் கழிவும் கிழிந்த மெத்தையும் கிடந்த இடத்தில் யார் இறங்குவார்கள்? மில்லிலிருந்து வந்ததும் நாற்றத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவதோடு சரி.

இந்தக் கோடையில் தெருப் பெண்கள் ஒன்றுகூடி ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். டிராக்டர் டிராக்டராகக் குப்பை போனது. பேரூராட்சிக்கு நடையாய் நடந்து, சாக்கடையையும் வேறு பக்கம் திருப்பவைத்தார்கள். ஐப்பசி மழையின் வெள்ளம் வடிந்து, அடிமணல் தெரிகிற தண்ணீர் ஓடியது.

"இம்புட்டுப் பாடுபட்டது வேடிக்கை பாக்கவா? ஞாயித்துக்கெழமை பொம்பளைங்க எல்லாம் எறங்கிக் குளிப்போம். நீச்சலும் பழகுவோம்" என்று மகேஸ்வரிதான் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். பள்ளியில் விளையாட்டு டீச்சரான ரோசலின் கற்றுத்தர ஒத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலையில் தெருவே திரண்டு வந்தது. ஆனால் ஒருத்தியும் இறங்கவில்லை. ஒருத்திக்குச் சளி, ஒருத்திக்கு மாற்றுச்சேலை இல்லை. ரோசலின் மட்டும் லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் தனியாக நின்றாள். எல்லாரையும் கூட்டிவந்த மகேஸ்வரியே சேலைத் தலைப்பை இடுப்பில் செருகுவதும் எடுப்பதுமாகக் கரையில் நின்றாள்.

"ஏன்டி மகேசு, ஊரக் கூட்டிட்டு நீ கரையில நிக்கிற?" என்றாள் பக்கத்து வீட்டுச் சைனம்பு.

"பயமா இருக்குக்கா."

"எனக்கு மட்டும் என்னவாம்? வா, ரெண்டு பேரும் சேந்து பயப்படுவோம்."

கையைக் கோத்துக்கொண்டு இறங்கினார்கள். நாலு எட்டு வைப்பதற்குள் சைனம்பு வழுக்கி, மகேஸ்வரியையும் இழுத்துக்கொண்டு முங்கினாள். ரோசலின் இருவரையும் தூக்கி நிறுத்தினாள். சைனம்பு வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, "அம்புட்டுத்தானா? இதுக்கா பயந்தோம்?" என்று கெக்கலித்துச் சிரித்தாள். அவ்வளவுதான், சளிக்காரி முதல் ஆளாகத் தொபுக்கடீரென்று குதிக்க, கரை காலியானது.

ரோசலின் மகேஸ்வரியை மல்லாக்கப் படுக்கவைத்து முதுகைத் தாங்கினாள். "ஒடம்ப வெறைக்காதீங்கக்கா. காது முங்கட்டும். மேல பாருங்க."

காதில் தண்ணீர் மூடியதும் கூச்சல் அடங்கியது. மேலே வெள்ளைமேகம் ஒன்று மெல்ல நகர்ந்தது. மில்லில் நாளெல்லாம் ஓடி ஓடி மரத்துப்போன இடுப்பு, கட்டவிழ்ந்ததுபோல் லேசானது.

"டீச்சர், கைய எடுத்துடாதீங்க!"

"எடுத்துச் செத்த நேரமாச்சுக்கா."

மகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் தண்ணீரைக் குடித்து, இருமி, எழுந்து நின்று, உடனே திரும்பவும் படுத்தாள்.

பாதையில் ஆண்கள் வராமல் காவல் நின்ற அவள் கணவன் அழகர், திரும்பிப் பார்க்காமலே கத்தினான்: "ஏய், மணி பத்தாச்சு! சோறு யாரு ஆக்குறது?"

"நீங்கதான்!" என்று ஆறே சேர்ந்து பதில் சொன்னது.

மதியம் ஈரத்தலையோடு, அகோரப் பசியோடு அவள் வீடு சேர்ந்தபோது சோறும் முட்டைப் பொரியலும் தயாராக இருந்தன. மூன்றாம் தடவை அவள் சோறு போட்டுக்கொள்வதைப் பார்த்த அழகர், "அடுத்த வாரமும் போவியா?" என்றான்.

"போவேன்."

"அப்ப முட்டைய இன்னும் நாலு சேத்து வாங்கணும்" என்றபடி, சட்டியில் மிச்சமிருந்ததையும் அவள் தட்டிலேயே வழித்துப் போட்டான்.