வலது கட்டைவிரல்

கிளமென்ட்டின் கைகளைக் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்தபோது கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: அண்ணன் சேவியர்ராஜ், மனைவி லூர்துமேரி, மகள் லிடியா, வளையமாதேவியிலிருந்து வந்த விவசாயி பாவாடை. மற்றவர்கள் குவார்ட்டர்ஸ் வாசலில், பந்தலுக்குக் கீழே நின்றார்கள்.

விடிகாலையில் மாரடைப்பில் போன தம்பியைக் குளிப்பாட்டி, விரல்களில் ஜெபமாலையைக் கோத்து, குளிர்பெட்டியில் கிடத்தியது சேவியர்ராஜ்தான். எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பாவாடை மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"பெரியய்யா, மோட்டாரு நின்னுபோச்சி. கரண்ட்டு போயி வந்ததுலேர்ந்து ஓடல. கிளமென்ட் சாரு போன்ல ஓகே குடுத்தாதான் ஓடும்."

"சுவிட்ச் கிடையாதா?"

"மோட்டார்ல மாட்டியிருக்கற பொட்டிதாங்க சுவிட்சு. நேரா ஒயர் குடுத்தா எரிஞ்சிடும்னு சாரு சொல்லிகினே இருப்பாரு."

மண்ணே இல்லாமல், குழாய்களில் ஓடும் சத்து நீரில் வளரும் கீரை. சுரங்கத்துக்குப் போக மிஞ்சிய துண்டு நிலத்தில், கிளமென்ட்டை நம்பி நான்கு குடும்பங்கள் போட்ட பசுமைக்குடில். மறுநாள் அறுவடை. மே மாத வெயிலில் நீர் நின்றால் வேர் அந்தப் பகலைத் தாண்டாது.

லிடியாவின் கையில் அப்பாவின் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"பாஸ்வேர்டு எங்களுக்குத் தெரியாது பெரியப்பா. அப்பா விரல் வெச்சுதான் தொறப்பாங்க."

குளிர்பெட்டி உறுமியது.

"செத்தவன் கைய இழுத்து ரேகை வைக்கிறதா? நம்ம வீட்லயா?" என்றார் சேவியர்ராஜ்.

கிளமென்ட் சுரங்க நிறுவன வேலையில் இருக்கும்போதே, ஓய்வுக்கு முன்பே இறந்தவன். வாரிசு வேலை யாருக்கு என்ற பேச்சு பந்தலில் காலையிலேயே தொடங்கிவிட்டது. சேவியர்ராஜ் தன் காதாலேயே கேட்டிருந்தார்.

"அங்க குடில்ல மாரியம்மா அக்கா குடத்துல மொண்டு ஊத்திகினு கெடக்குது," என்றான் பாவாடை. "ஒண்டியா எவ்ளோங்க ஊத்தும்?"

காலையிலிருந்து வாய் திறக்காத லூர்துமேரி நிமிர்ந்தாள். "அவரா இருந்தா பொணத்தப் போட்டுட்டு பயிரப் பாக்க ஓடியிருப்பாரு. பெட்டியத் தொறங்க மாமா."

லிடியா கதவைச் சாத்தப் போனாள்.

"தொறந்தே கெடக்கட்டும். திருட்டு வேலையா செய்யறோம்?" என்றார் சேவியர்ராஜ்.

துணியை அவிழ்த்து, ஜெபமாலையை விலக்கி, வலது கட்டைவிரலைப் போனில் வைத்தார். மீண்டும் முயற்சிக்கவும் என்றது. வேட்டி நுனியால் விரலைத் துடைத்து மறுபடி வைத்தார். பிறகு அதைத் தன் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். வாயருகே கொண்டுபோய் ஊதினார். மீண்டும் தேய்த்தார். போன் பாஸ்வேர்டு கேட்டு நின்றது. அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"போதும் பெரியப்பா."

ஜெபமாலையைப் பழையபடி சுற்றி, துணியைக் கட்டிவிட்டு, நேராகப் பந்தலுக்கு வந்தார்.

"அடக்கம் சாயந்தரந்தான். இப்ப ஆம்பளைங்க எல்லாம் வேன்ல ஏறுங்க. வளையமாதேவியில தண்ணி தூக்கணும்."

"எழவு வீட்லேர்ந்து கீரைக்குத் தண்ணி ஊத்தவா, சேவியர் சார்?" என்றார் பந்தலில் ஒருவர்.

"ஆமா. உனக்கு முடியலன்னா குடத்தையாவது எடுத்துக் குடு."

முதலில் அவரே ஏறினார். சாயந்தரம் முழங்கால்வரை நனைந்த வேட்டியோடு கல்லறைத் தோட்டத்தில் நின்றார்.

அதற்குள் பேச்சு வடலூர்வரை போயிருந்தது: தன் மகனுக்கு வாரிசு வேலை வாங்க, சேவியர்ராஜ் செத்த தம்பியிடம் கைநாட்டு வாங்கிவிட்டார் என்று.

அது பொய். சேவியர்ராஜுக்கு மகன் இல்லை. அங்கே தாள் எதுவும் இல்லை. விரலும் பதியவில்லை.