தேவையில்லை என்ற கட்சி

ஆயுத பூஜையன்று, பழைய தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையின் வேன் ஸ்டாண்டில் வருடா வருடம் மேடை போடுவார்கள். காலையில் வண்டிகளுக்கு வாழைக்கன்று கட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பொரிகடலை கொடுத்து முடித்தால் சாயங்காலம் பட்டிமன்றம். மற்ற ஊர்க்காரர்கள் அன்பா அறிவா என்று தொண்டை கிழியப் பேசட்டும். ஸ்டாண்டுக்காரர்களுக்கு வண்டியை விட்டால் வேறு பேச்சு ஏது? இந்த வருடத் தலைப்பு, 'இன்றைய கார்களுக்கு ஃப்யூல் ஃபில்டர் தேவையா, தேவையில்லையா' என்பது.

தேவையில்லை என்ற கட்சியைக் குணசுந்தரியின் தலையில் கட்டியவர் சங்கச் செயலாளர் ஜெயகரன். அந்த ஸ்டாண்டில் வேன் ஓட்டும் ஒரே பெண் அவள். ஜெயகரன் அதைச் சும்மா கட்டவில்லை. சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளான ஸ்கெலட்டனிலிருந்து நரசாபுரம் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்காக அம்மாக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரை வைப்பது என்று முடிவு செய்யும் வேலையைக் கிருஷ்ணம்மாவிடம் விட்டிருந்தார்கள். அவள் மகள் நளினியும் அந்த வேனில்தான் போக வேண்டும். கடைசியாக மிஞ்சியவை இரண்டு வண்டிகள். ஒன்று குணசுந்தரியுடையது, இன்னொன்று ஜெயகரனின் மச்சானுடையது. பூஜை முடியட்டும், சொல்கிறேன் என்று கிருஷ்ணம்மா சொல்லியிருந்தாள்.

இப்போது கணக்கு புரிந்திருக்கும். குணசுந்தரி நன்றாகப் பேசினால், 'ஃபில்டரே வேண்டாம் என்கிறவள் வண்டியிலா பிள்ளைகளை ஏற்றுவது' என்று ஆகிவிடும். சொதப்பினால், 'பொம்பளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்' என்று ஆகிவிடும். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி அவளுக்குத்தான். ஜெயகரன் மூளையே மூளை.

அந்த ட்ரிப் அவளுக்கு வெறும் வாடகை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் அவளுக்கு நல்ல வேலை ஒன்று இருந்தது. ராத்திரி ரயிலில் வந்து பக்கத்துக் கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கி, இருட்டில் தனியாக வீடு வரை நடக்கப் பயந்தே அதை விட்டாள். வேனை வாங்கிய நாளிலிருந்து மனசில் ஒரே ஆசை. தன் லைன் பிள்ளைகள் அந்தக் காரணத்துக்காக ஒரு வேலையையும் விடக்கூடாது.

மேடையில் முதலில் பேசியது ஜெயகரன். மனிதர் வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாகக் கம்பீரமாகத்தான் நின்றார்.

"பங்க்லேர்ந்து வர்ற எண்ணெய்ல தூசி கீது, துரு கீது, மழை காலத்துல தண்ணி கூட கீது. ஃபில்டர் இல்லன்னா இன்னா ஆவும்? இன்ஜெக்டர் அடைச்சுக்கும், நடு ரோட்ல வண்டி நிக்கும். பொண்ணுங்கள ஏத்திக்கினு போற வண்டி நடு ரோட்ல நிக்கலாமா?"

கடைசிக் கேள்வியை, கிருஷ்ணம்மா மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தே கேட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

குணசுந்தரியின் கட்சியில் கூட்டாளி என்று இருந்தது திலீப் மட்டும்தான். அவன் எழுந்து, "எங்கண்ணன் புது கார்ல பானெட்ட தொறந்து பாத்தேன், ஃபில்டர காணோம். அவ்ளோதாங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

மைக் குணசுந்தரியின் கைக்கு வந்தது. அவள் வண்டி டீசல் வண்டி. டீசலுக்கு ஃபில்டரை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? நேரம் தவறாமல் மாற்றுகிறவள் அவள். அதில் தேங்கும் தண்ணீரைத் தானே குனிந்து வடித்துவிடுகிறவள். 'என் வண்டி வேற, நான் மாத்தறேன்' என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு கட்சியில் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டு மேடை ஏறிவிட்டு, தன் தலை தப்பினால் போதும் என்று நடுவில் கைகழுவ அவளுக்கு மனம் வரவில்லை. அந்த ரோஷம் அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான். அதுவும் நல்லதற்குத்தான்.

"நடுவர் ஐயா, ஜெயகரண்ணன் நல்லாதான் பேசினாரு. அவரு வண்டி கத்துக்கிட்ட காலத்துக்கு ரொம்பப் பொருத்தமான பேச்சு."

கூட்டம் சிரித்தது. அவள் குரல் நிலைக்கு வந்தது.

"அப்பல்லாம் பானெட்ட தொறந்தா ஃபில்டர் கண்ணெதிர்ல நிக்கும். இப்ப வர்ற பெட்ரோல் கார்ல கம்பெனிக்காரன் அத டேங்குக்குள்ளயே பம்போட சேத்து உட்கார வெச்சுட்டான். இத்தினி கிலோமீட்டருக்கு ஒரு தபா மாத்துன்னு நெறைய கம்பெனி புக்குல எழுதறதே இல்ல. இல்ல, நான் மாத்தியே தீருவேன்னா, சீட்ட தூக்கி டேங்க தொறக்கணும். எங்க தொறப்பீங்க? நம்ம ஷெட்ல. காத்து காலத்துல, தங்கம் எடுத்துட்டு கொட்டி வெச்ச சைனைடு மேட்டு மண்ணு நம்ம சோத்துத் தட்டு வரைக்கும் வருது. மூடிக்கீற டேங்க தொறந்து, இல்லாத தூசிய நாமளே உள்ள விடணுமா?"

அந்த மண்ணைச் சோற்றோடு சேர்த்துத் தின்று வளர்ந்த கூட்டம் அது. விசில் பறந்தது.

ஜெயகரன் எழுந்தார். "அப்போ ஃபில்டர் கீதுன்னு ஒத்துக்கிறியாம்மா?"

"கீதுண்ணா. நீங்க வாங்கினீங்களே பெட்ரோல் காரு, அதுலயும் கீது. இதுவரைக்கும் அத மாத்தினீங்களா?"

ஜெயகரன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"மாத்தாமதான அண்ணிய கூட்டிக்கினு வந்தீங்க? அண்ணி, வழில எங்கனா நின்னுச்சா?"

ஜெயகரனின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இல்லை என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு யார் என்ன பேசியும் யார் காதிலும் விழவில்லை. ஸ்டாண்டே சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு வரிசை மட்டும் சிரிக்கவில்லை. கிருஷ்ணம்மா கையைக் கட்டிக்கொண்டு குணசுந்தரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவர் ஆபிரகாம் ஐயா நியாயமான மனுஷர். "ஃபில்டர் இல்லாத வண்டி இல்ல. டீசலா இருந்தா மாத்தியே ஆகணும். பெட்ரோல் காருக்கு, புக்குல சொல்லலன்னா, கோளாறு வர்ற வரைக்கும் கை வைக்க வேணாம். ஆனா இன்னிக்கி ஒண்டியா நின்னு இத்தினி பேரையும் ஜெயிச்சது குணசுந்தரி. தீர்ப்பு அந்தம்மா கட்சிக்கே," என்றார். சால்வை போர்த்தினார்கள். குணசுந்தரி கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். ஆனால் ட்ரிப் போய்விட்டது என்றே நினைத்தாள்.

கூட்டம் கலைந்ததும் அவள் வேனில் கட்டியிருந்த வாழைக்கன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது கிருஷ்ணம்மா வந்து நின்றாள். பின்னால் நளினி.

"ஏம்மா, உன் வண்டிக்கு ஃபில்டர் மாத்துவியா, மாட்டியா?"

"டீசல் வண்டிதான்க்கா. மாத்தாம ஓட்டுவேனா? போன வாரம்தான் புதுசு போட்டேன். வேணும்னா பாருங்க."

"அத மேடையில சொல்லிக்கீலாமில்ல? எங்க வாய் அடைச்சிருக்கும்."

"அந்தக் கட்சில பேசறேன்னு ஒத்துக்கிட்டேன்கா. பாதில எப்டி உடறது?"

கிருஷ்ணம்மா அவிழ்த்த வாழைக்கன்றை வாங்கி ஓரமாகச் சாய்த்து வைத்தாள். பிறகு, "ஃபில்டரு கடையில கெடைக்கும், யார் வேணா மாத்தலாம்," என்றாள். "உனக்கே நஷ்டம்னு தெரிஞ்சும் ஒத்துக்கிட்டத பாதில உடல பாரு நீ. எம் பொண்ண எந்த ராத்திரியும் பாதி வழில உட மாட்ட. திங்கக்கெழம காலைல ஷிஃப்ட்டு. வந்துடு."

குணசுந்தரிக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. சால்வை நுனியால் துடைத்துக்கொண்டாள். அதை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

போகத் திரும்பிய கிருஷ்ணம்மா நின்று, மகளை முன்னால் தள்ளினாள்.

"இவள முன்னாடி சீட்ல, உம் பக்கத்துல உட்கார வெச்சுக்கோ. நாலு பேர் எதிர்ல எப்டி பேசறதுன்னு கத்துக்கட்டும்."