நீல டிரம் பாடம்

அப்பா விட்டுப்போன டிரைவிங் ஸ்கூலை அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு காராகப் பிரித்துக்கொண்டார்கள். வாசலில் ஒரே போர்டு. உள்ளே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

அக்கா முதல் நாளே ஆளைச் சந்தை நெரிசலில் இறக்கிவிடுவாள். மேட்டில் நிறுத்திக் கிளப்பவும், மழையில் ஓட்டவும் தெரியாதவனுக்கு லைசென்ஸ் எதற்கு என்பது அவள் கட்சி. அவள் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள்.

தம்பிக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது. டெஸ்ட் மைதானத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தான். ரிவர்ஸில், மைதான ஓரத்து நீல டிரம் கண்ணாடியில் தெரிந்தால் ஸ்டியரிங்கை ஒடி, மறைந்தால் நேராக்கு. மிச்ச நேரம் சினிமாக் கதை. எல்லோரும் பாஸ்.

"நீ ஓட்டக் கத்துக்கொடுக்கல, ஒப்பிக்கக் கத்துக்கொடுக்கற," என்றாள் அக்கா.

"வர்றவங்க லைசென்ஸுக்கு வர்றாங்கக்கா. நீ என்னமோ போருக்கு அனுப்பற மாதிரி வறுத்தெடுக்கற."

அவள் புருஷனே அவளிடம் கற்றுக்கொள்ள வந்து, மேட்டில் வாங்கிய திட்டில் காரை நடுரோட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தவர். பிறகு கூச்சமே இல்லாமல் மச்சினன் காரில் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர் முன்னால் அவள் தட்டு வைக்கும் சத்தமே வேறு.

டெஸ்ட் அன்று மைதானத்தில் டிரம்மைக் காணோம், யாரோ அப்புறப்படுத்தியிருந்தார்கள். தம்பியின் ஆட்கள் வரிசையாகக் கம்பத்தில் இடித்தார்கள். அவள் புருஷன் வேலியிலேயே ஏற்றிவிட்டார். அக்காவுக்கு வயிறு குளிர்ந்தது. இனியாவது இவனுக்குச் சுரணை வரும் என்று நினைத்தாள்.

எங்கே வந்தது? அன்று சாயங்காலமே அவன் மைதானத்தைச் சுற்றி வந்து, மஞ்சள் சுவரின் மூலையை அடையாளம் வைத்துக்கொண்டான். அடுத்த தடவை அத்தனை பேரும் பாஸ், அவள் புருஷன் உட்பட. அவர் ஒரு பழைய காரும் வாங்கினார்.

சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. காரை வாசலில் நிறுத்தி அவளைக் கூப்பிட்டார்.

"நீங்க போங்க. நான் பஸ்ல வரேன்."

"பொண்டாட்டியே ஏறலன்னா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"முழுசா வந்து சேருங்க. அப்புறம் கேட்டுக்கலாம்."

அவள் சாப்பிட்டு எழுந்த நேரத்தில்தான் அவர் மண்டபத்துக்கு வந்தார். முன் பம்பர் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டை வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. தம்பி ஓடிப்போய் அவர் தோளில் கை போட்டான்.

"விடுங்க மாமா. லைசென்ஸ் இருக்குல்ல, அப்புறம் என்ன?"

அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். அக்கா இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். கை கழுவப் போய்விட்டாள்.