நடக்காத மோதலின் வெளிச்சம்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. என் பயமல்ல, பக்கத்து மேசை ஒடெஸ்ஸா ப்ரூயிட்டுடையது. நான் இரவல் வாங்கியிருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

முதல் தொடக்கம்: 'எங்கோ தொலைவில், செத்துப்போன இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி...' (வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளில் விண்மீன்கள் மட்டும்தான் நன்றாக நடிக்கின்றன.)

இரண்டாவது: அலபாமா, ஹன்ட்ஸ்வில். செத்த விண்மீன்கள் மோதினால் விண்வெளியே அதிரும். அந்த ஈர்ப்பலையைப் பிடிப்பது வேறொரு கூட்டம். அதே நேரத்தில் காமாக் கதிர் மின்னியதா என்று செயற்கைக்கோள் பதிவில் தேடுவது நாங்கள். இடியைக் கேட்டவர் அவர்கள், மின்னலைத் தேடுபவர் நாங்கள்.

புதிதாக ஓர் அலை வந்தது. ஒடெஸ்ஸா தேடினாள். அலைக்குச் சற்றுப் பின்னே, பதிவின் இரைச்சலுக்குள் ஒரு சின்ன மேடு. மின்னலாக இருக்கலாம்.

2

அலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எப்போதாவது தங்கள் கருவிக்குள்ளேயே ஒரு பொய் அலையை ரகசியமாகப் புகுத்துவார்கள். எல்லோரும் விழித்திருக்கிறார்களா என்று பார்க்க. புகுத்திய இரண்டு பேருக்குத்தான் தெரியும். மற்றவர்கள் ஆய்வை எழுதி முடித்த பிறகு, இருவரும் மேடையேறி உண்மையைச் சொல்வார்கள்.* இந்தப் புது அலைக்கு அந்தக் கூட்டம் இன்று பிற்பகல்.

(*கல்லூரியில் இதற்குத் திடீர்த் தேர்வு என்று பெயர். அதில் தோற்றால் மதிப்பெண் மட்டும்தான் போகும்.)

மதியம் ஒடெஸ்ஸா வேகவைத்த கடலையை உரித்துக்கொண்டே இருந்தாள்; ஒன்றும் வாய்க்குப் போகவில்லை. பொய் அலையென்றாலும் அது அவர்கள் விளையாட்டு, உனக்கென்ன நட்டம் என்று எங்கள் தலைவர் ஹாலிஸ் தேற்றினார்.

"அலை பொய்னா, நான் பாத்தது என்ன சார்?"

"தற்செயலா வந்த இரைச்சல், கண்ணு."

"இதுக்கு முன்னாடி மூணு மின்னல் கண்டுபிடிச்சேனே. அதையும் இதே கண்ணாலதான பாத்தேன்?"

அந்த மூன்றின் மேல்தான் அவள் பெயரும் வேலையும் நிற்கின்றன. ஹாலிஸ் தன் இனிப்புத் தேநீரைக் கலக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே கலந்திருந்தது.

3

இந்த இடத்தில் என் ஒடெஸ்ஸாவை எனக்கே நம்ப முடியவில்லை. பயந்தவர்கள் இவ்வளவு ஒழுங்காகப் பேசுவார்களா? கூட்டத்துக்குப் போகும் வழியில் அவள் சொன்னதை அப்படியே வைக்கிறேன்.

"டேய், அலை வந்த நேரம் தெரியாம இருந்தா அந்த மேட்ட நான் பாத்திருப்பேனான்னு கேளு."

கேட்டேன்.

"தெரியலடா. அதான் பயமே."

அந்தப் பதிவின் வரைபடத்தை நானும் பார்த்தவன்தான். மேடு பளிச்சென்று தெரிந்தது. எங்கே பார்க்க வேண்டுமென்று அவள் விரல் வைத்துக் காட்டியிருந்தாள்.

4

முடிவு அ: உண்மை அலை. கைதட்டல். ஹாலிஸ் அழுகிறார். (அழமாட்டார். தொப்பியைச் சரிசெய்வார்.)

முடிவு ஆ: பொய் அலை. கூட்டம் சிரிக்கிறது, புகுத்தியதை அலைக்காரர்கள் பிடித்துவிட்டார்கள், அவர்களுக்கு வெற்றிதானே. ஒடெஸ்ஸா மட்டும் எழுந்து ஆய்வுக்கூடத்துக்குப் போய், சுவரில் சட்டமிட்டு மாட்டிய அந்த மூன்று மின்னல்களின் படங்களையும் ஒவ்வொன்றாக

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

5

இருவரும் மேடைக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் மைக்கைத் தட்டிப் பார்க்கிறார். ஒடெஸ்ஸா என் சட்டைக் கையைப் பிடித்திருக்கிறாள்.

உண்மையா பொய்யா, நீங்களே சொல்லிவிடுங்கள். அவள்மேல் இரக்கம் வந்திருக்கும். உண்மை அலை என்றுதான் சொல்லப்போகிறீர்கள். தெரியும். எங்கே பார்க்க வேண்டுமென்று நான்தான் முதலிலிருந்தே விரல் வைத்துக் காட்டியிருக்கிறேனே.